நாடு வளரணும்னா விவசாயம் சுருங்கித்தான் ஆகணுமா?

கேத்தி_பையன்:
குரூப் 2க்கு படிச்சுட்டு இருக்கேன். நாட்டோட மொத்த உற்பத்தி மதிப்புல விவசாயம் சுமார் 18 சதவீதம்தான், ஆனா வேலை பாக்குறவங்கள்ல 45 சதவீதத்துக்கு மேல அதுலதான் இருக்காங்களாம். அப்போ நாம பாரமா? எங்க வீட்ல தேயிலையும் கேரட்டும்தான், அப்பாகிட்ட கேட்டா போய் கொழுந்து மூட்டையை ஏத்துடான்னு திட்றாரு 😅

குன்னூர்வாசி:
தம்பி அந்த 18ஐ அப்படியே எடுத்துக்காதீங்க. கொழுந்து பறிச்சு கொடுக்கற வரைக்கும்தான் விவசாயக் கணக்கு. ஃபேக்டரி கேட்டுக்குள்ள போயிட்டா அது உற்பத்தித் துறை, அப்புறம் குன்னூர் ஏலம், குடோன், லாரி, டீக்கடை எல்லாம் சேவைத் துறை. நாலு கிலோவுக்கு மேல கொழுந்து போட்டாதான் ஒரு கிலோ தூள் வரும், அந்த கொழுந்து நின்னு போச்சுன்னா பின்னாடி இருக்கற எல்லா கணக்கும் படுத்துடும். கேரட்டும் அதேதான், கழுவுற மிஷின்ல ஆரம்பிச்சு மேட்டுப்பாளையம் மண்டி கமிஷன் வரைக்கும் எத்தனை பேர் சாப்பிடறாங்க பாருங்க.

பூம்பாறை_பூண்டு:
அதெல்லாம் சரிதாங்க, ஆனா கணக்கு போட்டு பாருங்க. 45 பேர் 18ஐ பங்கு போடுறாங்க, மீதி 55 பேர் 82ஐ. தலைக்கு பாத்தா அவங்களுக்கு கிடைக்கறதுல நமக்கு கால்வாசிக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். நம்ம மலைப்பூண்டுக்கு புவிசார் குறியீடு எல்லாம் வாங்கியாச்சு, வடுகபட்டி பூண்டு சந்தைக்கு இறக்கினா அங்க யாவாரி சொல்றதுதான் விலை. கொஞ்சம் பேர் வேற வேலைக்கு போறது நல்லதுதான்னு நினைக்கிறேன்.

கோத்தகிரி_பெரியவர்:
போறதுல தப்பில்ல, எப்படி போறோம்னு ஒண்ணு இருக்குல்ல. 1991ஐ புக்ல தாராளமயம்னு படிப்பீங்க, அதே வருஷம் சோவியத் உடைஞ்சுது, நீலகிரி தூளுக்கு பெரிய கிராக்கியே அவங்கதான். 90கள் கடைசியில பச்சை தேயிலை விலை அடியோட விழுந்துச்சு, நாட்டு வளர்ச்சி மட்டும் மேல போயிட்டே இருந்துச்சு. எங்க ஊர்ல கவாத்து பண்ண, அதாவது செடியை வெட்டிவிட காசில்லாம செடி மரமா வளர்ந்து கிடந்துச்சு, பசங்க திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் கிடைச்ச கூலிக்கு போனாங்க. மில்லுல நல்ல சம்பளம்னு கூப்பிட்டு போறது வேற, இங்க வயித்துக்கு இல்லாம இறங்கறது வேற. புள்ளிவிவரத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.

கேத்தி_பையன்:
கொரோனா டைம்ல நிறைய பேர் திரும்பி வந்தாங்களே அண்ணா, அது எதுல சேரும்?

பூம்பாறை_பூண்டு:
2020-21ல மொத்த பொருளாதாரம் சுருங்கினப்போ விவசாயம் வளர்ந்துச்சு தம்பி. ஆனா உழைக்கறவங்கள்ல விவசாயத்தோட பங்கும் ஏறிடுச்சு, அதே காட்டுல இன்னும் ரெண்டு கை. அதை வளர்ச்சின்னு நான் சொல்ல மாட்டேன், குன்னூர்க்காரர் சண்டைக்கு வந்தாலும் சரி 😄