பழைய ஸ்டீரியோ ரிசீவரில் இடது பக்கம் ஊமை, வால்யூமை ஏற்றினால் மட்டும் வருகிறது

கேள்வி:
அப்பா துபாயில் வேலை பார்த்தபோது 1978இல் வாங்கி வந்த ஜப்பான் ரிசீவர் இது, ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில். வெள்ளி முகப்பு, மரப்பெட்டி, இரண்டு முள் மீட்டர். பதினைந்து வருடமாகப் பரணில் கிடந்ததைப் போன வாரம் இறக்கித் துடைத்துப் போட்டேன், டயல் விளக்கு எரிந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றுவிட்டார். இடது பக்கம்தான் தகராறு. சின்ன சத்தத்தில் ஊமை, வால்யூமை நன்றாக ஏற்றினால் படக்கென்று வருகிறது, குறைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கரகரத்து மங்கிவிடுகிறது. ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றினேன், ஊமை மற்ற ஸ்பீக்கருக்குப் போய்விட்டது, ஆகவே கோளாறு செட்டில்தான். கடையில் காட்டினால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு ப்ளூடூத் போர்டு வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். மனசு வரவில்லை. மல்டிமீட்டர் இருக்கிறது, சால்டரிங்கும் ஓரளவு பழக்கம்.

பதில்:
தயவுசெய்து போர்டை மாற்றக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் சந்தேகம் ஸ்பீக்கர் ரிலேதான். ஸ்பீக்கரை செட்டோடு இணைக்கும் தானியங்கி ஸ்விட்ச் அது, செட்டைப் போட்டுச் சில விநாடி கழித்து ‘டிக்’ என்று கேட்கிறதே, அதுதான். அதன் காண்டாக்டில், அதாவது ஒட்டிப் பிரியும் உலோக முனையில், வருடக்கணக்கில் கருப்பு படிந்துவிடும், சின்ன சிக்னல் அதைத் தாண்டாது, வால்யூம் ஏறும்போது மின்னோட்டம் அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டு போய்விடும். முன்பக்க ஸ்பீக்கர் ஸ்விட்ச், டேப் ரெக்கார்டர் பக்கம் மாற்றும் டேப் மானிட்டர் ஸ்விட்ச் இரண்டும் இதே மாதிரி செய்யும், அவற்றை இருபது தடவை போட்டு எடுத்துப் பாருங்கள். மாறவில்லையா, சத்தம் போயிருக்கும் நேரத்தில் ரிலே மூடியைப் பிளாஸ்டிக் பேனாவின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டுங்கள், சத்தம் வந்துவிட்டால் கோளாறு அதில்தான்.

இன்னொரு பதில்:
மூடியைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று. இத்தனை வருடம் சும்மா கிடந்த செட்டை நேராக மெயினில் போடக்கூடாது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில், அதாவது செட்டுக்குப் போகும் மின்சாரம் பல்பு வழியாகவே போகும்படி, மாட்டிப் போடுங்கள். பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் சரி, பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். பின்னால் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் 220இல் இருப்பதை 240க்கு மாற்றுங்கள், நம் ஊர் லைன் 230, பல வீடுகளில் அதற்கு மேலும் போகும். அப்புறம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம். 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்பில் மாட்டி ஒவ்வொன்றிலும் சில விநாடி பிடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கேட்டவர்:
பல்பு மங்கிவிட்டது, செலக்டரையும் மாற்றிவிட்டேன். பேனாவால் தட்டினேன், சத்தம் வந்துவிட்டது அண்ணே! ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, சத்தம் இல்லாமல் டெர்மினலில் டிசி அளந்தேன், இடது 18 மில்லிவோல்ட், வலது 11. ரிலேயைக் கழற்றி மூடியைத் திறந்தால் ஒரு காண்டாக்டின் நடுவில் கடுகளவு கருப்பு. உப்புத்தாளால் தேய்க்கலாமா?

பதில்:
ஐயோ, வேண்டாம். காண்டாக்டின் மேல்பரப்பைக் கீறிவிட்டால் சீக்கிரமே மறுபடி கருத்துவிடும். வெள்ளைத்தாளை மெல்லிய பட்டையாக வெட்டி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, காண்டாக்டுகளுக்கு நடுவே வைத்து, விரலால் லேசாக மூடிப் பிடித்து இழுங்கள். தாளில் கருப்புக் கோடு விழுவது நிற்கும்வரை செய்யுங்கள். இது தற்காலிகம்தான், புது ரிலே போடுவதே நல்லது. பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள், அதன் காயிலுக்கு (உள்ளே இருக்கும் கம்பிச்சுருளுக்கு) வேண்டிய வோல்டேஜ் மேலேயே அச்சிட்டிருக்கும், இந்த செட்டுகளில் பெரும்பாலும் 24 வோல்ட். கால்களின் இடைவெளியும் ஒத்துப்போக வேண்டும். டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருப்பதால் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேட்டவர்:
எட்டுப் பட்டைத் தாள் ஆயிற்று, கடைசி இரண்டும் வெள்ளையாகவே வந்தன. மாட்டிவிட்டேன். புது ரிலேக்குச் சனிக்கிழமை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு போகிறேன். நேற்று ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு வால்யூமை ஒரு கோட்டளவு மட்டும் வைத்துக் கேட்டேன். இரண்டு பக்கமும் பாடுகிறது.