ஒலிக்கையின் தாங்கிக்கு ‘ஒற்றைக்குடுமி’ என்ற சொல் குறித்து

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இசைத்தட்டின் மேல் முள்ளைச் சுமந்து நகரும் ஒலிக்கையை (‘டோன்ஆர்ம்’) ஒரே கூரின் மீது நிறுத்திவைக்கும் ‘யூனிபிவட்’ அமைப்புக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக ‘ஒருமுனைத் தாங்கி’ என்ற சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. அதை நான் ஏற்கத் தயங்குகிறேன். மும்முனை மின்சாரம் என்று நாள்தோறும் பேசும் நம் ஊர்களில் ‘ஒருமுனை’ என்றதும் மின் இணைப்புதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், முள்ளுக்கும் ஒரு முனை இருப்பது. ஒரே பத்தியில் இரண்டு முனைகள் வந்தால் எது தட்டைத் தொடுகிறது, எது கையைத் தாங்குகிறது என்று வாசிப்பவர் தடுமாறுவார். ‘பேரிங்’ என்பதற்கு வழங்கும் ‘தாங்குருளை’யும் பொருந்தாது, ஏனெனில் இங்கே உருளுவது எதுவும் இல்லை.

நான் முன்வைக்கும் சொல் ‘ஒற்றைக்குடுமி’. பழைய மரக்கதவின் மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமிகள் குழிகளில் அமர்ந்து சுழல்வதை அறிவோம். மேல்குடுமியை அறுத்துவிட்டால் கதவு சாய்ந்துவிடும். ஒற்றைக் குடுமியில் நிற்கும் ஒலிக்கை மட்டும் ஏன் சாய்வதில்லை என்பதுதான் இந்த அமைப்பின் மையக் கேள்வி. சொல்லே அந்தக் கேள்வியை எழுப்புவது எனக்குப் பிடித்திருக்கிறது.

விடையை நான் கீழக்கரையில், கடலோடி ஓய்ந்த ஒரு பெரியவரின் வீட்டில் கண்டேன். அவர் பெட்டிக் காம்பஸின் மூடியைத் திறந்து காட்டினார். திசை எழுதிய வட்டத் தகடு ஒரு சிறு கூரின் மேல் அமர்ந்திருந்தது; பெட்டியைச் சாய்த்தபோது தகடு மெல்ல ஆடி மீண்டும் மட்டத்துக்கு வந்தது. “கனம் கூருக்குக் கீழ இருக்கு தம்பி, அதான் கவுறாது” என்றார். ஒற்றைக்குடுமி ஒலிக்கையிலும் இதுவே நடக்கிறது. பின்னால் உள்ள எதிர்எடையைத் தாழ்வாகத் தொங்கவிட்டு, மொத்த எடையின் மையம் குடுமிக்குக் கீழே விழும்படி அமைக்கிறார்கள். தொடுவது ஒரு புள்ளியே என்பதால் உராய்வு மிகக் குறைவு. எடையே குடுமியையும் குழியையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பதால் இடைவெளியும் ஆட்டமும் இல்லை. ஆனால் கை பக்கவாட்டில் சாய இடமுண்டு. முள் சாய்ந்தால் இடப்பக்க ஒலி வலப்பக்கத்தில் கசியும். அதனால்தான் பக்க எடைகளைச் சேர்ப்பதும், குழியைச் சுற்றிச் சிலிக்கோன் எண்ணெய் இட்டு அந்தப் பக்கவாட்டு அசைவைத் தணிப்பதும்.

அதே காம்பஸின் கிண்ணம் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வளையங்களில் தொங்கியது. பெரும்பாலான ஒலிக்கைகளில் உள்ள ‘கிம்பல்’ அமைப்பும் அந்த வகையே என்பதால் அதை ‘இருவளையத் தாங்கி’ எனலாம். இங்கிலாந்தின் எஸ்.எம்.இ. நிறுவனத்தின் 3009 ஒலிக்கையில் மேல்கீழ் அசைவு மட்டும் தராசுக்கோலைப் போலக் கத்தி விளிம்பில் நடக்கிறது. அதற்குக் ‘கத்திவிளிம்புத் தாங்கி’ போதும்.

நான்காவது வகை நம் கடற்கரைக்கு மிக நெருக்கமானது. பில் ஃபயர்பாவ் என்பவர் வடிவமைத்த ‘வெல் டெம்பர்டு’ என்ற பெயருடைய ஒலிக்கைகளில் கூரும் இல்லை, குழியும் இல்லை. பிந்தைய வடிவங்களில் ஒரு கோல்ஃப் பந்து கெட்டியான சிலிக்கோன் குழம்பில் தோய்ந்தபடி நைலான் இழையில் தொங்குகிறது. கை பந்தோடு சேர்ந்து அசைகிறது. மெதுவான நகர்வுக்குக் குழம்பு வழிவிடும், விரைவான அதிர்வைத் தடுக்கும். அந்த இழையைப் பாம்பனிலோ தொண்டியிலோ யாரிடம் காட்டினாலும் ‘தங்கூசி’ என்பார்கள். எனவே ‘தங்கூசித் தொங்கல்’ என்று பெயரிட வேண்டுகிறேன். ‘நைலான் இழைத் தொங்கல்’ எல்லா ஊருக்கும் விளங்கும் என்ற வாதம் வரக்கூடும். மீன்பிடிப்போர் தினமும் கையாளும் சொல் இருக்கும்போது அதைக் கலைச்சொல் பட்டியலுக்கு வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தேவையானால் விளக்கத்தில் நைலான் என்று எழுதிக்கொள்ளலாம்.

‘குடுமி’ என்றால் தலைமுடிதானே நினைவுக்கு வரும் என்று கருதுவோர், தங்கள் பகுதித் தச்சர்கள் கதவின் அந்த உறுப்பை எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இன்னும் பொருத்தமான பெயர் கிடைத்தால் என் சொல்லை விலக்கிக்கொள்கிறேன்.