எஃப்-150க்கு வின்ரர் சில்லு: 17 அங்குல இரும்பு றிம் பாரம் தாங்குமோ?

பனிப்பாதை:
வாகனம் 2018 ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் ட்ரக், 4×4. இப்ப நிக்கிறது 20 அங்குல அலோய், 275/55 ஆர்20 ரயர். ஒன்ராறியோவில பரி (Barrie) நகரத்தில இருந்து ரொறன்ரோவுக்கு 400 நெடுஞ்சாலையால ஓட்டம். பின்பெட்டியில ரைல்ஸ், சீமெந்துப் பை ஏறும். வின்ரருக்குத் தனி செற் வேணும், றிம்மும் ரயரும் சேர்த்து 1,500 டொலருக்குள்ள. பாவிச்ச இரும்பு றிம் நாலு மலிவா வந்திருக்கு, 2020 ராம் 1500 இல கழட்டினதாம். ஆறு ஓட்டை சரி. "கொஞ்சம் இறுக்கும், ஆனா பூட்டலாம்" எண்டு விக்கிறவர் சொல்லுறார். எடுக்கலாமோ?

அச்சாணி:
எடுக்காதேங்கோ. உங்கட ட்ரக் 6×135, அதாவது ஆறு போல்ட், அவை நிக்கிற வட்டத்தின்ர விட்டம் 135 மி.மீ. அந்த ராம் 6×139.7. போல்ட் வட்டத்தின்ர விட்டத்தில 4.7 மி.மீ. வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. அதோட ராம் றிம்மின்ர நடு ஓட்டை 77.8 மி.மீ., எஃப்-150 ஹப் 87.1. ஹப்பிலயே ஏறாது.

இதைவிட ஆபத்தானது வெளிக் கம்பனியள் செய்யிற, நடு ஓட்டை பெரிசான 6×139.7 றிம். அது ஹப்பைத் தாண்டி உள்ள போகும். ஒவ்வொரு போல்டும் 2.35 மி.மீ. விலகி நிக்கிறதால நட்டின்ர கூம்பு முழுசா உக்காராமல் ஒரு விளிம்பில மட்டும் கடிக்கும். ரோர்க் ரெஞ்ச் (குறிச்ச அளவுக்கு இறுக்கிற சாவி) "டக்" எண்டும், சரியா இறுகினது போலயே இருக்கும். ஓட ஓட நட் தளரும், ஓட்டை நீள்வட்டமாகும், கடைசியில போல்ட் முறியும். பாரம் ஏத்துற வாகனத்தில இந்த விளையாட்டு வேண்டாம்.

தேட வேண்டியது 2015க்குப் பிந்தின எஃப்-150 எக்ஸ்எல் (அடிப்படை மொடல்) இல கம்பனியே போட்டு விட்ட 17×7.5 இரும்பு றிம், ஓஃப்செற் 44 (றிம்மின்ர நடுக்கோட்டில இருந்து ஹப்பில ஒட்டுற முகத்துக்கு உள்ள தூரம், மி.மீ. இல). வேலைத்தள ட்ரக்குகளில வாறது, பாவிச்சது தாராளமாக் கிடைக்கும்.

பனிப்பாதை:
நன்றி அண்ணை, அதை விட்டாச்சு. கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில பின் அச்சுக்கு 4,050 இறாத்தல் எண்டு கிடக்கு. பத்து பிளை எல்ரி (பாரம் ஏத்துற ட்ரக்குக்கான விறைப்பான) ரயர்தான் போடவேணும் எண்டு கடையில சொல்லினம்.

ஈரச்சாலை:
கணக்குப் பாப்பம். 4,050 இன்ர பாதி 2,025 இறாத்தல், கிட்டத்தட்ட 919 கிலோ. பின் சில்லு ஒவ்வொண்டும் இதைத் தாங்க வேணும். றிம்மில குத்தியிருக்கிற பார அளவு இதுக்குக் குறையக்கூடாது. 265/70 ஆர்17, சுமைக் குறி 115 எண்டால் 1,215 கிலோ. கார் ரக ரயரைப் பிக்கப்புக்குப் போடேக்க 1.1 ஆல பிரிக்க வேணும்: 1,104 கிலோ. ஸ்டிக்கர் அளவுக்குள்ள ஏத்தினால் தாராளம். எல்ரி ரயர் விலையும் கூட, வெறும் பெட்டியோட ஓடேக்க விறைப்பா நிண்டு துள்ளும். முன்னுக்கு ஸ்னோ தள்ளுற பிளேட் பூட்டுறவைக்கு அது வேற கதை.

சுற்றளவும் பொருந்துது. இப்ப இருக்கிற ரயர் 810 மி.மீ. உயரம், 265/70 ஆர்17 கிட்டத்தட்ட 803. ஒரு வீதத்துக்கும் குறைவான வித்தியாசம், வேகமானி பெரிசாப் பிழைக்காது. பக்கச்சுவர் 151 இல இருந்து 185 மி.மீ. ஆகிறது பெரிய லாபம். மாசி, பங்குனிக் குழியளில 20 அங்குல அலோய் வெடிக்கிற இடத்தில இது தப்பும். இரும்பு றிம் நெளிஞ்சாலும் அனேகமாத் தட்டி எடுக்கலாம்.

ரயரில மூண்டு சிகரமும் நடுவில பனிப்பூவும் உள்ள சின்னம் இருக்கவேணும், எம்+எஸ் (சேறும் ஸ்னோவும்) எழுத்து மட்டும் காணாது. 4×4 எண்டதால நாலும் ஒரே ரயர், ஒரே தேய்மானம். இல்லாட்டி முன், பின் அச்சுக்குச் சக்தியைப் பிரிச்சு அனுப்புற ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குத்தான் கேடு.

அச்சாணி:
பாவிச்ச றிம்மைக் காசு குடுக்க முன்னம் திருப்பிப் பாருங்கோ. ரயர் உக்காருற உள்விளிம்பில துரு செதிலா உரியுதெண்டால் காற்று மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பித் தூரிகையால சுரண்டிப் பாருங்கோ: வழுவழுப்பான இரும்பு வந்தால் சரி, பள்ளம் பள்ளமா வந்தால் விட்டிடுங்கோ. ஓட்டையள் வட்டமா இருக்கவேணும். பிறகு பலன்சிங் மெசினில சுத்தவிட்டு ஆடுதோ எண்டும் பாக்கச் சொல்லுங்கோ.

பனிப்பாதை:
பழைய நட்டையே போடலாமோ? காற்றழுத்த சென்சர்?

அச்சாணி:
அளவு ஒண்டுதான்: 14 மி.மீ., புரி 1.5, கூம்பு அடி. ஆனால் கம்பனி நட்டில மேல தகட்டு மூடி இருக்கும். உள்ள உப்புத்தண்ணி போய்த் துருவேறி ஊதினால் 21 மி.மீ. சொக்கெற் ஏறாது. ரோட்டோரத்தில காத்துப் போனால் தவிச்சுப் போவியள். ஒரே துண்டா வாற நட் வாங்குங்கோ, நாலு சில்லுக்கும் சேர்த்து 24.

பூட்ட முன்னம் ஹப்பின்ர முகத்தைத் தூரிகையால துடைச்சு, நடுவில நிக்கிற விளிம்பில மட்டும் அன்ரி-சீஸ் (துருப்பிடிச்சு ஒட்டாமல் இருக்கப் பூசுற பசை) மெல்லிசாப் பூசுங்கோ. போல்ட் புரியிலயோ நட்டின்ர கூம்பிலயோ படக்கூடாது. வழுக்கினால் அதே ரோர்க்கில போல்ட் அளவுக்கு மிஞ்சி இழுபடும். நட்சத்திர ஒழுங்கில 150 அடி-இறாத்தல், அதாவது 204 நியூட்டன் மீற்றர். 160 கிலோமீற்றருக்குள்ள திரும்ப ஒருக்கா இறுக்கிப் பாக்கவேணும்.

ஈரச்சாலை:
சென்சர் 315 மெகாஹேர்ட்ஸ். புதுசை ட்ரக்குக்குப் பழக்கிற ஒழுங்கு ஓட்டுநர் பக்கம் (இடது) முன், வலது முன், வலது பின், இடது பின். காசு மிஞ்சாட்டி இந்த வருசம் விடுங்கோ, டாஷில லைற் எரியும், அவ்வளவுதான். ஆனால் காற்றழுத்தம் பாக்கிற கேஜ் ஒண்டு வண்டியில கிடக்கட்டும். குளிர் 5, 6 பாகை இறங்க ஒரு பிஎஸ்ஐ குறையும். கராஜுக்குள்ள சூட்டில அடிச்ச காற்று வெளியில மைனஸ் 20 இல காணாது. ஸ்டிக்கரில உள்ள அளவை விடியக்காலமை, ஓட முன்னம் பாத்து அடியுங்கோ.