டிஷ்வாஷரில் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன், நாளை மாமியார் வருகிறார்

கோவைப்பொண்ணு: கொழும்புக்கு வந்து 12 நாள்தான் ஆகிறது. பம்பலப்பிட்டியில் வீடு, டிஷ்வாஷரோடு கொடுத்தார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பாத்திரம் அத்தனையையும் நேற்று இரவு அதில் அடுக்கி 70 டிகிரியில் ஓடவிட்டேன். காலையில் திறந்தால் தோசைக்கல் முழுக்கத் துரு, இட்லித்தட்டைத் தொட்டால் கையெல்லாம் கறுப்பு. கல் மாமியார் கொடுத்தது. சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.

பழைய பட்டினத்தான்: நான் வந்தது 2022 பிப்ரவரியில். மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் கரண்ட் இல்லை, கேஸ் சிலிண்டருக்கு விடிவதற்கு முன்பே வரிசை. சமைத்தால்தானே பாத்திரம் கழுவ! உங்களுக்கெல்லாம் டிஷ்வாஷர் கவலை.

ரெண்டு பிள்ளை அம்மா: கல் இரும்பா நான்ஸ்டிக்கா, சொல்லவே இல்லையே? நான்ஸ்டிக் என்றால் மேல்தட்டில் தாராளமாக வைக்கலாம், நான் வைக்கிறேன்.

வெள்ளவத்தை அக்கா: துரு என்று சொல்லுறா, பிறகென்ன நான்ஸ்டிக்? அதையும் போடாதேங்கோ, போகப்போக பூச்சு கழண்டுடும். நான் மெஷின் வாங்கின புதுசில மண்சட்டியைப் போட்டு, அடுத்த மீன்குழம்பு முழுக்க சோப்பு மணம். சிரட்டை அகப்பை வெடிச்சே போச்சு.

பழைய பட்டினத்தான்: மீன் விற்கிற விலைக்கு அந்தக் குழம்பைக் கொட்டினீர்களா, சாப்பிட்டீர்களா?

வெள்ளவத்தை அக்கா: அதை ஏன் கேக்கிறியள்.

ரெண்டு பிள்ளை அம்மா: இந்த ஊரில் கறிவேப்பிலைக்குக்கூடக் காசு கேட்கிறார்கள், கோவையில் சும்மா கொடுப்பான்.

பாத்திரக்கடை மகன்: அவர் மாமியார் விமானம் ஏறிவிடப் போகிறார், விஷயத்துக்கு வாருங்கள். மெஷினில் போடுகிற மாத்திரை கடுமையான காரம். இரும்பில் பழகிய எண்ணெய்ப் படலத்தை அது கரைத்துவிடும், அப்புறம் ஈரத்தில் துருதான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கல்லுப்பு போட்டு நாரால் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்துக் காயவிடுங்கள். நல்லெண்ணெய் தடவிப் புகையும்வரை சூடாக்கி, பாதி வெங்காயத்தால் தேய்த்து ஆறவிடுங்கள், இதையே மூன்று நான்கு முறை. முதல் இரண்டு தோசை ஒட்டும், அதை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். இட்லித்தட்டு கறுத்தது என்றால் அலுமினியம், புளித்தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் தெளியும், தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். எவர்சில்வர் எதையும் போடலாம். குக்கர் கேஸ்கட், வெயிட், மிக்ஸி ஜார், பித்தளை, சப்பாத்திக் கட்டை, நல்ல கத்தி எதுவும் கூடாது.

கோவைப்பொண்ணு: கல் இரும்புதான் அண்ணா, மன்னிக்கவும். ஆரம்பித்துவிட்டேன். இன்னொன்றைச் சொல்லவில்லை, ஈயச்சொம்பும் உள்ளே இருந்தது.

ரெண்டு பிள்ளை அம்மா: ஐயோ, உருகியிருக்குமே!

பாத்திரக்கடை மகன்: ஈயம் என்று நாம் சொல்கிற அந்த வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும், மெஷின் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காலி சொம்பை அடுப்பில் வைத்தால்தான் ஆபத்து. மங்கியிருக்கும், நசுங்கியிருக்கா பாருங்கள்.

கோவைப்பொண்ணு: மங்கல்தான். வாய்ப்பக்கம் கொஞ்சம் நசுங்கல், அது முன்பே இருந்ததா என்று தெரியவில்லை. ரசத்தை எவர்சில்வர் பாத்திரத்திலேயே வைத்துவிடுகிறேன்.