‘துணைச்சத்து’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

அன்புடையீர், வணக்கம்.

கருவுற்ற பெண்களுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் மட்டும் கொடுப்பதா, உடலுக்குச் சிறிதளவே தேவைப்படும் பதினைந்து நுண்சத்துகள் அடங்கிய ஒரே மாத்திரையைக் கொடுப்பதா என்று ஊர் ஊராகச் சென்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உணவோடு சேர்த்துத் தரும் இத்தகைய சத்தைக் குறிக்கும் ‘சப்ளிமென்ட்’ என்பதற்கு நம் மடற்குழுவில் ‘கூடுதல் சத்து’, ‘இணைச்சத்து’, ‘குறைநிரப்பி’ என்ற மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டன. மூன்றையும் என் வரைவில் பொருத்திப் பார்த்த பிறகே இந்த மடலை எழுதுகிறேன்.

‘கூடுதல் சத்து’ கேட்டவுடன் விளங்குகிறது. ஆனால் பொருள் பிழைபடுகிறது. யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. பல்கலைக்கழகம் ஆகியவை 1999இல் வகுத்த பதினைந்து நுண்சத்துக் கலவையில் இரும்பு 30 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம். இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் சிவப்பு மாத்திரையிலோ இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். ஆக, புதிய மாத்திரையில் இரும்பு பாதியாகிறது. துத்தநாகம், தாமிரம், செலினியம், அயோடின், பல உயிர்ச்சத்துகள் ஆகியவை வந்து சேர்கின்றன. கூடுவது வகைதான், அளவன்று. மேலும், சத்து கூடினால் குழந்தை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்ற அச்சம் நம் ஊர்ப் பெண்களிடம் உண்டு. அந்த அச்சத்துக்கு நாம் ஆக்கும் சொல்லே தீனி போடக் கூடாது.

‘இணைச்சத்து’ என்றால், அங்கன்வாடியில் தரும் சத்துமாவை ‘இணை உணவு’ என்று அழைத்துப் பழகியவர்கள் இதையும் அதனோடு சேர்த்தே எண்ணுவார்கள். ‘குறைநிரப்பி’ இலக்கணப்படி நல்ல ஆக்கம். எனினும், குறை உள்ளவர்களுக்கு மட்டும் தரும் மருந்து என்ற எண்ணத்தை அது உண்டாக்கும். ரத்தத்தைச் சோதித்துக் குறை கண்டவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து இந்த ஆய்வுகள் நடக்கவில்லை.

ஆகவே ‘துணைச்சத்து’ என்கிறேன். ‘துணை’ என்றால் துணைவேந்தர், துணை ஆட்சியர் என்பதுபோல இரண்டாம் நிலை என்று பொருள்படாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நம் எழுத்திலேயே விடை இருக்கிறது. ககரத்தின் பக்கத்தில் துணைக்கால் நின்றால் ‘கா’ ஆகிறது. துணைக்கால் தனியே நின்றால் அதற்கு ஒலியே இல்லை. சோற்றுக்கும் கீரைக்கும் பருப்புக்கும் பக்கத்தில் நிற்க வேண்டிய மாத்திரைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, ‘மைக்ரோநியூட்ரியன்ட்’ என்பதற்கு வழங்கும் ‘நுண்ணூட்டம்’ என்ற சொல்லைப் பற்றி. ஏழாம் மாதத்தில் இருக்கும் என் அத்தை மகளிடம் வரைவைப் படித்துக் காட்டினேன். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டவள், அந்தச் சொல் வந்ததும் நிறுத்தினாள். “நுண்ணூட்டம்னா தென்னைக்கு வைக்கிறதுதானே? அதை எதுக்கு மனுஷங்களுக்குக் கொடுக்கறாங்க?” என்றாள். அவள் கேட்டது நியாயம். அந்தச் சொல்லை வேளாண்மை எடுத்துக்கொண்டு நெடுநாள் ஆகிவிட்டது. ‘நுண்சத்து’ என்று மாற்றியதும் மேற்கொண்டு படிக்கச் சொன்னாள். சத்து மாத்திரை என்று அவர்கள் நாள்தோறும் சொல்வதிலிருந்து அது ஓரடிதான் தள்ளி நிற்கிறது. ‘பல’ என்பதன் வடிவான ‘பல்’லோடு ‘நுண்’ணைச் சேர்த்தால் புணர்ச்சி விதிப்படி ‘பன்னுண்’ என்றாகும். படிப்பவருக்கு அது இடறும் என்பதால் ‘பல நுண்சத்து மாத்திரை’ என்று பிரித்தே எழுதலாம்.

மிகுதியாகத் தயங்கியது ‘கம்யூனிட்டி டிரையல்’ எனப்படும் இவ்வகை ஆய்வின் பெயரில்தான். ‘சமூக ஆய்வு’ என்றால் சமூகவியல் ஆகிவிடுகிறது, சிலர் காதில் சாதியாகவும் விழுகிறது. ‘சமுதாய வளைகாப்பு’ நம் பெண்களுக்குப் பழகிய சொல் என்பதால் ‘சமுதாய’ என்பதையே கொள்ளலாம். ‘பரிசோதனை’ வேண்டாம், அது ரத்தம் எடுப்பதையே நினைவூட்டும். இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் 2001 முதல் 2004 வரை நடந்த ஆய்வில், 262 பேறுகாலப் பணியாளர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, அவர்கள் வழியாக 31,290 கர்ப்பிணிகளுக்கு இரண்டில் ஒரு வகை மாத்திரையைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் வெறுங்கையோடு விடப்படவில்லை. அவர்களுக்கும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கிடைத்தன. ‘சமுதாய ஒப்பீட்டு ஆய்வு’ என்று நான் எழுதுவது இதனால்தான். பங்கேற்கும் பெண்ணிடம் ஒப்புதல் கேட்கும்போது, தன்னை வைத்துச் சோதிக்கிறார்கள் என்று அவள் அஞ்சுவதற்கும், இரு மாத்திரைகளை ஒப்பிடுகிறார்கள் என்று அறிந்து கையெழுத்திடுவதற்கும் இடையில் உள்ள தொலைவு பெரிது.

லொம்போக்கில் பல நுண்சத்துப் பிரிவில், குழந்தை பிறந்து மூன்று மாதங்களுக்குள் நேரும் இறப்பு மற்றப் பிரிவைவிட 18 விழுக்காடு குறைந்தது. வங்கதேசத்தின் வடமேற்கில் பின்னர் நடந்த பெரிய ஆய்விலோ குறைப்பிரசவமும் எடை குறைந்த பிறப்பும் குறைந்தன. ஆறு மாதங்களுக்குள் நேரும் இறப்பில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2016இல் இந்த மாத்திரையைப் பரிந்துரைக்காமல், 2020இல் முறையான ஆய்வுச் சூழலில் மட்டும் தரலாம் என்றது. முடிவுகள் இவ்வாறு இருக்கையில், ‘வலுச்சத்து’, ‘உயிர்காப்புச் சத்து’ என்று சிலர் எழுதிய பெயர்களை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மாத்திரை இன்னும் பெறாத புகழைச் சொல்லில் ஏற்றிவிடக் கூடாது.

என் வரைவில் முதல் வரியை இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: “கர்ப்பிணிகளுக்கான பல நுண்சத்துத் துணைச்சத்து மாத்திரை பற்றிய சமுதாய ஒப்பீட்டு ஆய்வு.” ‘சத்து’ இருமுறை வருவது எனக்கும் உறுத்துகிறது. ‘பல நுண் துணைச்சத்து’ என்று சுருக்கினால் பொருள் கெடுகிறதா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.