மூடிப்போன வங்கியும் பெட்டிக்குள் கிடக்கிற வைப்புச் சான்றிதழும்

பழைய கவுண்டர், யாழ்ப்பாணம்

இலங்கையில் பிரமுக சேமிப்பு அபிவிருத்தி வங்கி 1997இல் தொடங்கினது. 2002 ஒக்டோபரில் மத்திய வங்கி அதை நிறுத்தி, டிசெம்பரில் அனுமதிப்பத்திரத்தையும் இரத்துச் செய்தது. ஐந்து வருசம்தான். வைப்புக்கு நல்ல வட்டி, ஆனால் கொடுத்த கடனில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. அது உரிமம்பெற்ற சிறப்பியல்புவாய்ந்த வங்கி. அதாவது சேமிப்பும் நிலையான வைப்பும் எடுக்கலாம், காசோலைக் கணக்கு நடத்த முடியாது. ஆகவே அங்கே காசு போட்டவர்களில் கனபேர் மாத வட்டியை நம்பி இருந்த ஓய்வூதியர்கள். அவையளுக்கு விழுந்த அடி பெரிசு. ஏனெண்டால் வங்கி மூடினால் வைப்புக்காரருக்கு ஒரு உச்சத் தொகை வரைக்கும் காசு கொடுக்கிற கட்டாய வைப்புக் காப்புறுதி 2010 ஒக்டோபரில்தான் வந்தது.

பிரமுகவின் சொத்தையும் பொறுப்பையும் எடுத்து நடத்த ஸ்ரீ லங்கா சேமிப்பு வங்கி எண்டு ஒன்று 2008இல் இயங்கத் தொடங்கி, 2019இல் தேசிய சேமிப்பு வங்கியின் கைக்குப் போனது. பிரமுகவின் சான்றிதழ் ஒன்று அப்பு ஆச்சியின் பெட்டிக்குள் வந்தால் கிழித்து எறிய வேண்டாம். அந்தப் பெயரில் இப்ப வங்கி இல்லை. தேசிய சேமிப்பு வங்கியில்தான் விசாரிக்கவேணும். முன்பே கொடுத்துத் தீர்த்த கணக்கா எண்டதை சான்றிதழ் இலக்கத்தை வைத்துத்தான் பார்ப்பினம். அதனால் மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோப் பிரதியைக் கொடுங்கோ.

சுண்டிக்குளி நொத்தாரிசு

அண்ணை சொன்னது மூடின வங்கிக்கு. வங்கி உயிரோடு இருக்க, கணக்கு மட்டும் தூங்கிப்போனதுதான் எங்கட பக்கத்தில் கூட. பத்து வருசம் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லையெண்டால் அந்தக் காசு ‘கைவிடப்பட்ட ஆதனம்’ ஆகி மத்திய வங்கிக்குப் போகும். கடைசியாகக் கொடுத்த முகவரிக்கு வங்கி கடிதம் போடும். 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் வீட்டை விட்டு வெளிக்கிட்டவைக்கு அந்தக் கடிதம் எப்பிடிக் கிடைக்கும்? பாஸ்புக் இருக்கும், காசு அழிந்துபோச்சு எண்டு நினைத்து விட்டுவிட்டினம். அழியவில்லை. உரிமையாளர் எப்பவும் கேட்கலாம். ஆனால் நேரே மத்திய வங்கிக்கு எழுதக்கூடாது. கணக்கு வைத்திருந்த வங்கியிடம்தான் கேட்கவேணும். அவை உறுதிப்படுத்தி மத்திய வங்கியிடம் எடுத்துத் தருவினம்.

சிக்குப்படுவது பெயரில். பாஸ்புக்கில் தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்று, அடையாள அட்டையில் முழுப்பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. இரண்டு பெயரும் ஒரே ஆள் எண்டு சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, கிராம அலுவலர் உறுதிக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அரைவாசி அலைச்சல் குறையும். அடையாள அட்டை இலக்கத்தையும் இரண்டு விதமாக எழுதுங்கோ. பழைய ஒன்பது இலக்கத்துக்கு முன் 19 போட்டு, அந்த ஒன்பதில் முதல் ஐந்துக்குப் பிறகு ஒரு சைபர் சேர்த்து, கடைசி ஆங்கில எழுத்தை விட்டால் புதிய பன்னிரண்டு இலக்கம் வரும். பழைய பதிவுகளில் பழைய இலக்கமே கிடக்கும்.

கணக்குக்காரர் இறந்திருந்தால் முதலில் கேட்கவேண்டியது, பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காசை எடுக்கச் சொல்லி அவர் குறித்த ஆளின் பெயர் பதிந்திருக்கா எண்டதை. பதிந்திருந்தால் மரணச் சான்றிதழோடு அவரே கேட்கலாம். இல்லையெண்டால் பெரிய தொகைக்கு இறந்தவரின் சொத்தை உரித்தாளருக்குப் பிரித்துக் கொடுக்க மாவட்ட நீதிமன்றத்தில் நடத்துகிற மரணசாசன வழக்குத்தான். பிள்ளையள் கனடா, லண்டன் எண்டு பிரிந்திருந்தால் எல்லாரின் கையொப்பமும் எடுக்கவே மாதக்கணக்காகும். தங்களுக்காக இன்னொருவர் கையொப்பம் வைக்க அதிகாரம் கொடுக்கிற அற்றோர்னித் தத்துவத்தை அங்கத்தை இலங்கைத் தூதரகத்தில் வைத்தே முடித்து அனுப்பச் சொல்லுங்கோ. வெறும் கடிதமாக வந்தால் இங்கே எடுக்கமாட்டினம்.

கொக்குவில் வாசகர்

இப்ப ஒரு வங்கியோ நிதிக் கம்பனியோ மூடினால் எவ்வளவு வரும்?

பழைய கவுண்டர், யாழ்ப்பாணம்

தம்பி, வைப்புக் காப்புறுதியில் கிடைக்கிற உச்சத் தொகை 2010இல் 2 இலட்சம் ரூபாவாக இருந்தது. 2021 ஏப்ரல் முதல் 11 இலட்சம். ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு இருக்கிற வைப்புகள் எல்லாத்தையும் வட்டியோடு கூட்டித்தான் அந்த 11 இலட்சம் உச்சம். மூன்று கிளையில் மூன்று கணக்கு எண்டு பிரித்துப் போட்டு ஒரு பலனும் இல்லை, வேறு நிறுவனமாக இருக்கவேணும். அங்கேயே கடன் எடுத்திருந்தால் அதைக் கழித்துத்தான் தருவினம். த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமம் 2020 மேயில் இரத்தானபோது உச்சம் 6 இலட்சம். மக்கள் வங்கிக் கிளைகள் ஊடாகத்தான் கொடுத்தவை.

இன்னொன்று. கூட்டுறவுச் சங்கங்களின் கிராமிய வங்கியில் நகை அடைவு வைக்கிறோம், சேமிப்பும் போடுகிறோம். பலகையில் வங்கி எண்டு எழுதியிருந்தாலும் அது கூட்டுறவுச் சட்டத்துக்குக் கீழ் வருவது. மத்திய வங்கி உரிமமும் இல்லை, இந்தக் காப்புறுதியும் இல்லை. நல்லாக நடக்கிற சங்கங்கள் இருக்கு, ஆனால் காசு போட முதல் கடைசிக் கணக்காய்வு அறிக்கையைக் கேளுங்கோ. அங்கத்தவருக்கு அதைக் கேட்க உரிமை இருக்கு.