மிருதங்கம் வாசிக்கத் தெரியாத தாய்மாமன், மருமகனுக்கு வீட்டில் எதைக் கற்றுத்தர முடியும்?

நாகலூர்க்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். அக்காவின் மகன் எங்களோடு தங்கிப் படிக்கிறான், வயது பத்து. கோயில் கச்சேரி ஒன்றில் மிருதங்கத்தைப் பார்த்த நாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டு, பள்ளிப் பை, என் மேசை என்று எதையும் விட்டுவைக்காமல் தட்டிக்கொண்டே இருந்ததால், ஒரு மிருதங்கம் வாங்கிக் கொடுத்து, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வித்துவானிடம் சேர்த்திருக்கிறோம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறி மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் அழைத்துப்போக முடிகிறது. மற்ற நாட்களில் அவன் சாதகம் செய்வது சரியா தவறா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. நான் எந்த வாத்தியத்தையும் தொட்டவன் அல்லன். என் தாள ஞானம் பஜனையில் கைதட்டிய அளவோடு சரி.

யூடியூப் பார்த்து விரல் வைக்கும் முறையை நானே அவனுக்குச் சொல்லித்தரலாமா? பையன் இடக்கைப் பழக்கம் உள்ளவன் என்பதையும், மழைக்காலத்தில் மூட்டம் இறங்கினால் வாத்தியத்தின் சுருதியும் இறங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

திஸ்ரநடை

விரல் விஷயத்தில் நீங்கள் தலையிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ‘நம்’ என்ற ஓர் அடியின் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரல் மீட்டில் (முகத்தின் ஓரத் தோல் வளையத்தில்) விழும் நேரத்தில் மோதிர விரல் கரணையின் (நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தின்) ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். அது கொஞ்சம் அழுத்தினாலும் நாதம் அடைபட்டுவிடும். காணொளியில் பார்க்கிறவருக்குச் சரியான விரலும் தவறான விரலும் ஒன்றுபோலவே தெரியும். பத்து வயதில் கையில் ஏறிய தவற்றைப் பதினைந்து வயதில் இறக்குவதற்கு குருநாதர் படும் பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்களுக்கு வேலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். மிருதங்கத்தில் அடிக்கு அடி சொல் உண்டு. சொல் வாயில் நிற்காதவனுக்குக் கையில் நிற்காது. வாத்தியத்தைத் தொடாமல் சொற்கட்டை (சொற்களின் கோவையை) மட்டும் தாளத்தோடு சொல்லும் கொன்னக்கோல் தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை நீங்கள் கற்றுக்கொள்ளலாம், பையனோடு உட்கார்ந்து சொல்லலாம், அவன் தவறினால் நிறுத்தவும் செய்யலாம்.

ஆதி தாளத்தில் தொடங்குங்கள். உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என மூன்று எண்ணிக்கை, இது லகு. அடுத்துத் தட்டும் வீச்சுமாக இரண்டு த்ருதம். ஆக 8 அட்சரம் (எண்ணிக்கை). இதன் மேல் ‘தகதிமி’யை முதல் காலத்தில் (வேகத்தில்) அட்சரத்துக்கு ஓர் எழுத்தாகவும், இரண்டாம் காலத்தில் இரண்டாகவும், மூன்றாம் காலத்தில் நான்காகவும் சொல்ல வேண்டும். கை போடும் தாளம் மூன்று காலத்திலும் அப்படியே நிற்க வேண்டும். ஓட வேண்டியது வாய் மட்டும்தான். இது பழகியபின் ‘தகிட’வுக்கு வாருங்கள். மூன்றெழுத்துச் சொல் எட்டட்சரத் தாளத்துக்குள் அடங்காமல் வழிந்துகொண்டே போகும். முதல் காலத்தில் எட்டு முறை சொன்னால் சரியாக மூன்று ஆவர்த்தனம் (தாளச் சுற்று) முடிந்து சமத்துக்கு (சுற்றின் முதல் தட்டுக்கு) வந்து சேரும். எட்டாவது ‘தகிட’வின் கடைசி எழுத்து த்ருதத்தின் கடைசி வீச்சில் விழுகிறதா என்று நீங்கள் தாளம் போட்டபடியே கவனித்தால் போதும், அவன் எங்கேயோ ஓடியிருக்கிறான் அல்லது இழுத்திருக்கிறான் என்பது பிடிபட்டுவிடும். பிள்ளைகள் பெரும்பாலும் தெரிந்த இடத்தில் ஓடுவார்கள், கடினமான இடத்தில் தாளத்தையும் சேர்த்து இழுப்பார்கள். இதைக் கண்டுபிடிக்கக் காது இருந்தால் போதும்.

அம்மாபேட்டை அம்மா

திஸ்ரநடை ஐயா சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. சொற்கட்டையும் இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். தஞ்சாவூர்ப் பாணி, புதுக்கோட்டைப் பாணி என்று வழிகள் வேறு. ஒரே சொல்லை ஆசிரியருக்கு ஆசிரியர் வேறு விரலில் வாசிப்பதும், ஒரே அடிக்கு வேறு சொல் சொல்வதும் உண்டு. வீட்டில் மாமா ஒன்று சொல்லி வகுப்பில் சார் வேறொன்று சொன்னால், பிள்ளை யார் பேச்சைக் கேட்பது?

என் மகளுக்கு நான் செய்வது இதுதான். அவளுடைய சாரின் அனுமதி பெற்று வகுப்பில் நானும் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன், அன்றைய பாடத்தை அவர் வாயால் ஒருமுறையும் கையால் ஒருமுறையும் நிதானமாகச் செய்துகாட்டும்போது கைப்பேசியில் பதிந்துகொள்கிறேன். விரல்கள் தெரியும்படி வலந்தலைப் (கரணை உள்ள முகத்தின்) பக்கமிருந்து எடுங்கள். முன்னாலிருந்து எடுத்தால் முகம்தான் தெரியும். வாரநடுவில் அவள் வாசிப்பதைப் பதிந்து சாருக்கு அனுப்புவதும் பலன் தருகிறது.

நேரலையில் வகுப்பு எடுக்கச் சொல்லலாமே என்று தோன்றும். ஒலி போய்ச்சேரத் தாமதமாவதால் அங்கே அவர் போடும் தாளத்துக்கு இங்கே பிள்ளை வாசிக்க முடியாது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதை இயக்காவிட்டால், அது மிருதங்கத்தை இரைச்சல் என்று எண்ணிப் பாதியை விழுங்கிவிடும்.

சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மிருதங்கமும் கற்பிக்கிறார்கள். ஆனால் அது மூன்றாண்டுப் படிப்பு. பத்து வயதுப் பிள்ளைக்கு இப்போது பொருந்தாது.

வார்ப்பிடி

இடக்கைப் பழக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. வலந்தலையை இடப்பக்கம் திருப்பி வைத்து வாசிக்க எந்தத் தடையும் இல்லை. புதுக்கோட்டைப் பாணியின் பெரும் வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கை வாத்தியக்காரர்தான். மேடையில் உட்காரும் பக்கம்தான் மாறும். அந்தச் சிக்கல் பத்து வயதில் இல்லை. குருவிடம் இப்போதே கேட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள், பாதியில் கை மாற்றுவது கொடுமை.

சுருதிக்கு வருகிறேன். தோல் ஈரத்தை வாங்கினால் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மூட்டத்துக்குள் வாழ்கிறவருக்கு இது தப்பாது. அடுப்பங்கரையில் வைத்துச் சூடு காட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். சோற்றோடு கிட்டக்கல் பொடியைக் குழைத்துத் தேய்த்துத் தேய்த்து வைத்த கரணை, வெடித்துப் பெயர்ந்துவிடும். தரையில் வைக்காமல் கட்டில் அல்லது பலகை மேல் கனமான உறை போட்டு வையுங்கள். தொப்பியில் (கரணை இல்லாத மறுமுகத்தில்) பூசும் ரவையைச் சாதகம் முடிந்தவுடன் எடுத்துத் துடைத்து, உலர்ந்தபின் உறையில் போடுங்கள். மிச்சம் வைத்தால் எலியும் கரப்பானும் ரவையோடு தோலையும் ருசி பார்க்கும்.

நாகலூர்க்காரன்

மூவருக்கும் நன்றி. தொப்பியில் ரவையை இரவு முழுதும் அப்படியே விட்டுவைக்கிறான், இன்றே நிறுத்துகிறேன். கல்லையும் கட்டையையும் வைத்துச் சுருதி கூட்டுவதை நான் கற்றுக்கொள்ளலாமா, அதையும் வித்துவானிடமே விட வேண்டுமா?

வார்ப்பிடி

கற்றுக்கொள்ளலாம், வாசிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய வேலைதான். பின்னிய விளிம்பில் மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். வார் (இழுத்துக் கட்டும் தோல் பட்டை) செல்லும் 16 கண்களிலும் ஒரே ஒலி வர வேண்டும் என்பதுதான் கடினம். கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலியை ஓடவிட்டு ஒவ்வொரு கண்ணாகக் கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். முதல் தடவை மட்டும் வித்துவான் எதிரில் தட்டுங்கள், எவ்வளவு ஓங்கலாம் என்பது கைக்குத் தெரிந்துவிடும். தட்டிச் சலித்துப்போனால், அடுத்த வாத்தியம் வாங்கும்போது வாருக்குப் பதில் நட்டு போல்ட்டு வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். நாதத்தைப் பற்றி வித்துவான்கள் குறை சொல்வார்கள், இருந்தாலும் ஏற்காட்டு மழைக்கு ஸ்பேனர் போட்டு முடுக்கிவிடலாம்.